காசும் கர்த்தரும் – 11: தறியை அடகு வாங்காதே

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில் உள்ள சங்கீத மண்டபம், விஜயநகர அரசில் அமைச்சராக இருந்த இருகப்பர் 1387-88இல் தம் குரு புஷ்பசேனரின் சொல்லை ஏற்றுக் கட்டியது. அதன் விதானம் முழுக்கத் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை ஓவியமாக விரிகிறது. அரசவையும் ஊர்வலமும் ஒரு பக்கம். அத்தனையையும் உதறிவிட்டுப் போகும் துறவு இன்னொரு பக்கம். துறவு எல்லோருக்கும் கைகூடாது என்பதால் சமணம் இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதங்களைத் தந்தது. அவற்றில் ஐந்தாவது, உடைமைக்கு வரம்பு கட்டிக்கொள்வது. நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு, தானியம் இவ்வளவு போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கிறிஸ்தவனான எனக்கு இந்த விரதத்தின் மேல் மிகுந்த மரியாதை உண்டு. எங்கள் சபைகளில் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பெரும்பாலும் காணிக்கைப் பையிலும் தசமபாகத்திலும் முடிந்துபோகிறது. பத்தில் ஒன்றைக் கொடுத்தாயிற்றா என்று கேட்கிறோம். மீதி ஒன்பது பங்கு எங்கே போயிற்று, யாருடைய கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்பதில்லை.

வேதம் அதைத்தான் கேட்கிறது. உபாகமம் 24ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். மாவரைக்கும் திரிகைக் கல்லை ஈடாக வாங்கக் கூடாது. அதை வாங்குவது ஒருவனுடைய பிழைப்பையே அடகு வாங்குவதாகும். ஏழையின் போர்வையை ஈடாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கூலியை அன்றைக்கே கொடுக்க வேண்டும். கடன் வாங்கியவன் வீட்டுக்குள் நுழைந்து ஈட்டை எடுக்கக்கூடக் கூடாது. கொடுத்தவன் வெளியே நிற்க வேண்டும், வாங்கியவனே கொண்டுவந்து தரட்டும். கடன்பட்டவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு, அதைத் தாண்ட உனக்கு உரிமையில்லை என்று சொல்லும் இந்தச் சட்டத்தைப் போல நுணுக்கமான இரக்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

காஞ்சிபுரத்தில் திரிகைக் கல்லின் இடத்தில் தறி இருக்கிறது. தொழிலாளியின் கருவிகளைக் கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாது என்று 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் தறியைத் தொடாமலே தறிக்காரரைக் கட்டிப்போட முடியும். அதற்குப் பெயர் முன்பணம். பட்டு நூலும் ஜரிகையும் விலை உயர்ந்தவை. கூலி நெசவாளர் அவற்றைத் தானே வாங்கிப் பாவு போட முடியாது, முதலாளி கொடுப்பார். கல்யாணம், பிரசவம், மழைக்காலம் என்று வந்தால் முன்பணமும் அவரே கொடுப்பார். அது அடையும்வரை வேறு முதலாளிக்கு நெய்யப் போக முடியாது. கூலி குறைவு என்று வாதாடவும் முடியாது. காஞ்சிப் பட்டின் பெருமையான கோர்வை நெசவில், கரைக்கும் உடலுக்கும் வெவ்வேறு நாடா ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து துணை செய்ய இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பல காலம் ஒரு சிறுவனாகவே இருந்தான். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்தார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தபின்னும் இது நடந்தது. 1990களிலும் அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பப் பெரும் பாடுபட வேண்டியிருந்தது.

இதே கதை நெகேமியா 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பஞ்சத்தில் வயலையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள், கடைசியில் தங்கள் மகன்களையும் மகள்களையும் அடிமையாக விட்டுவிட்டு வந்து நெகேமியாவிடம் முறையிடுகிறார்கள். அவர் கோபப்படுகிறார். கடன் கொடுத்த பெரிய மனிதர்களைச் சபை கூட்டி நிறுத்தி, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்கிறார். அவர் அங்கே தர்மம் கேட்கவில்லை. அநியாயமாக எடுத்ததை வைத்துவிடச் சொன்னார்.

இந்தக் கோபத்தை நிர்வாகமாக மாற்றிக் காட்டியவர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் (1818–1888). ஜெர்மனியில் சிற்றூர்களின் மேயர், பக்தியுள்ள புராட்டஸ்டண்ட். 1846-47 பஞ்சத்தில் வசதிக்காரர்களிடம் பணம் திரட்டி, ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். தானம் கொடுப்பவரின் மனம் களைத்துவிட்டால் தானமும் நின்றுவிடும் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டு, 1864இல் ஹெடஸ்டோர்ஃபில் கடன் சங்கம் அமைத்தார். ஒரே ஊர்க்காரர்கள்தான் உறுப்பினர்கள். ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. சொத்தைவிட ஆளின் நாணயமே ஈடு. பிழைப்பைப் பெருக்கும் காரியத்துக்கே கடன். லாபம் பங்கு பிரிக்கப்படாமல் பொது நிதியில் சேரும். கணக்கர் தவிர நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. அயலானை நேசிப்பது என்பதற்கு அவர் எழுதிய உரை இந்த விதிகள்தான் என்பேன்.

இத்தகைய கடன் சங்கங்களை இங்கும் தொடங்க முடியுமா என்று ஆராயச் சென்னை மாகாண அரசு 1892இல் ஃபிரடெரிக் நிக்கல்சனை நியமித்தது. 1895இலும் 1897இலும் வந்த அவருடைய அறிக்கையின் சாரம், நம் ஊருக்கும் ஒரு ரைஃபைசனைத் தேடிப் பிடியுங்கள் என்பதே. 1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் கிராமச் சங்கம். அக்டோபரில் காஞ்சிபுரத்தில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம். நகரச் சங்கங்கள் பொதுவாகப் பின்பற்றியது ஷூல்ஸ-டெலிச் என்ற இன்னொரு ஜெர்மானியரின் பங்கு முதல் முறையைத்தான். ஆனாலும் வட்டிக்காரரின் வாசலைத் தவிர இன்னொரு வாசல் இந்த நகரத்தில் திறந்தது. பின்னாளில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது, நூலும் ஜரிகையும் கூலியும் ஒரு தனி முதலாளியின் தயவில் இல்லாமல் கிடைக்க வழி பிறந்தது.

சபைகளுக்கு நான் சொல்வது இது. கோபுரத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் நிதி திரட்டுகிறோம். அதில் ஒரு பங்கை ஒதுக்கி, ஊரில் யாராக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், வட்டியில்லாத தொழில் கடனாகக் கொடுங்கள். கணக்கை ஆண்டுதோறும் சபையில் படியுங்கள். அதுவும் ஆராதனைதான்.

தனியாகக் கடன் கொடுத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அளவுக்கு மீறிய வட்டியைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அது காவல் நிலையத்தின் வேலை. நான் கேட்பது வேறு. உங்கள் பீரோவில் யாருடைய ஏடிஎம் அட்டையாவது, ரேஷன் அட்டையாவது, கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுத் தாளாவது ஈடாக இருக்கிறதா? இன்று பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். வாசலில் நின்றே கொடுங்கள்.

(தொடரும்)