சிவப்பழகுக் களிம்புகள்

சிவப்பழகுக் களிம்பு என்பது தோலை வெளிறச் செய்யும் என்ற கூற்றுடன் விற்கப்படும் முகப்பூச்சு ஆகும். இந்தியாவில் பரவலாக அறியப்பட்ட 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-இல் விற்பனைக்கு வந்தது. 2020-இல் 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாற்றப்பட்டது.

தோல் நிறத்தின் அடிப்படை

மேல்தோலின் அடியிலுள்ள மெலனோசைட் செல்கள் மெலனின் என்னும் நிறமியை உருவாக்குகின்றன. இதற்கு டைரோசினேஸ் என்னும் நொதி தேவை. கருநிறத்தவரிடமும் வெளிர்நிறத்தவரிடமும் இச்செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. மெலனினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை முதன்மையாகத் தீர்மானிப்பவை மரபணுக்கள். மெலனின் புறஊதாக் கதிர்களை உறிஞ்சித் தோலைக் காப்பதால், கருமை ஒரு குறைபாடு அன்று.

கூற்றுகளும் சான்றுகளும்

இக்களிம்புகள் சிலவற்றில் உள்ள நியாசினமைடு (வைட்டமின் பி3) கரும்புள்ளிகளை ஓரளவு மங்கச் செய்வது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. வெயில்தடுப்புப் பொருள்கள் மேலும் கருக்காமல் காக்கின்றன. டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற வெண்பொடிகள் தரும் வெண்மை முகம் கழுவியதும் போய்விடும். இவை எவையும் பிறவி நிறத்தை மாற்றுவதில்லை. 'தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது' என்னும் வாசகமும் நிறம் மாறும் என்பதற்குச் சான்று ஆகாது.

தீங்குகள்

விரைவாக வெளுக்கச் செய்யும் சில களிம்புகளில் பாதரசம் சட்டவிரோதமாகக் கலக்கப்படுகிறது. அது டைரோசினேஸைத் தடுத்து மெலனினைக் குறைக்கிறது. ஆனால் தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021-2023 காலத்தில் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள் என மருத்துவர்கள் பதிவு செய்தனர். பூசுவதை நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும்; பருக்கள் தோன்றும்; நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். இதனால் அவற்றை மீண்டும் நாடுவோர் பலர்.

கட்டுப்பாடுகள்

பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை 2020-க்குள் விலக்கக் கோரியது. தோல் நிறத்தை வைத்து ஒருவரைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இல் நெறிமுறைகள் வெளியிட்டது. 2018-இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பது தடை செய்யப்பட்டது.

பாதரசம் கலந்திருப்பதைக் கண்ணாலோ மணத்தாலோ அறிய இயலாது. எனவே உட்பொருள் பட்டியலும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத களிம்புகளைத் தவிர்ப்பது நன்று. அவற்றைப் பூசி வருபவர்களுக்கு முகம், கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ தோன்றினால் உடனே மருத்துவரை அணுகிக் களிம்பையும் காட்ட வேண்டும்.