அம்பின் முனையைப் பிடித்துக்கொள்வோம்

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை என்று மலையகத்தின் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். காலையில் பிள்ளைகள் லயத்தை விட்டுப் பாடசாலைக்கு இறங்குவார்கள். அவர்களுடன் இரண்டு மூன்று நாய்களும் இறங்கும். பாடசாலை வாசல்வரை வரும். சில வேளை வகுப்பறைக்குள்ளும் வந்துவிடும். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவின் வாசலிலும் ஒரு நாய் சுருண்டு கிடக்கும். மாலையில் குர்ஆன் மத்ரஸாவுக்கு ஓத வரும் நம் பிள்ளைகளும் கடைத்தெரு நாய்களைத் தாண்டித்தான் பள்ளிவாசலுக்குள் வருகிறார்கள்.

இந்த இடங்களில் நாய்க்கும் பிள்ளைக்கும் இடையே என்ன ஒழுங்கு இருக்க வேண்டும்? நாயைக் கண்டாலே கல்லெடுக்கும்படி பிள்ளையைப் பழக்கும் பெற்றோர் ஒரு பக்கம். "நம்ம நாய் ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக் கட்டாமல் கூட்டிவரும் உரிமையாளர் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே மார்க்கம் காட்டும் வழி ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

மலையும் நாயும்

மலைநாட்டில் நாய் வளர்ப்பு வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1848ஆம் ஆண்டளவில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வேட்டை நாய்க் கூட்டத்துடன் வந்து, அந்தக் காடுகளில் மரை வேட்டையாடினார். பின்னர் துரைமாரின் பங்களாக்களில் உயர்சாதி நாய்கள் வளர்ந்தன. லயத்து மக்களோ தேவைக்காக வளர்த்தார்கள். மரக்கறிப் பாத்தியைக் காட்டுப் பன்றியிடமிருந்தும் முள்ளம்பன்றியிடமிருந்தும் காக்கவும், மாட்டுக் கொட்டிலுக்கும் இரவு நேரத்துக்கும் காவலாகவும் நாய் வேண்டியிருந்தது. நகரத்துக் கடைகளிலும் பண்டசாலைகளிலும் முஸ்லிம்கள் சிலர் காவலுக்காக நாய் வைத்திருப்பதும் நாம் அறிந்ததே.

இன்னொரு விஷயமும் உண்டு. தேயிலை மலைகளை ஒட்டிய காடுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. அவை இரவில் லயங்களுக்கு அருகே வந்து நாய்களைத் தூக்கிச் செல்வது மலையகத்தில் புதுமையல்ல. பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலும் பிள்ளைக்காம்பராவைச் சுற்றியும் நாய்களை அவிழ்த்துவிட்டு வைப்பது, சிறுத்தையையும் அந்த இடத்துக்கே அழைப்பதாக ஆகிவிடுகிறது. இதைப் பலர் யோசிப்பதில்லை.

மார்க்கம் சொல்வது

நாயைப் பற்றி இஸ்லாம் வெறுப்பை மட்டுமே போதிக்கிறது என்று எண்ணுவது அறியாமை. பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அல்குர்ஆன் அனுமதிக்கிறது (அல்மாயிதா: 4). குகைவாசிகளின் வாசலில் முன்கால்களை நீட்டிக் கிடந்த நாயை இறைவன் தன் வேதத்திலேயே குறிப்பிடுகிறான் (அல்கஹ்ப்: 18). தாகத்தால் தவித்த ஒரு நாய்க்குத் தன் காலணியில் நீர் மொண்டு புகட்டிய ஒழுக்கங்கெட்ட பெண்ணொருத்தி அதனாலேயே மன்னிக்கப்பட்டாள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆகவே தெரு நாய்க்குக் கல்லெறியும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் தகப்பன், பிள்ளைக்கு மார்க்கத்தைக் கற்றுக் கொடுக்கவில்லை.

அதேவேளை வேட்டை, கால்நடை, பயிர் ஆகிய தேவைகளின்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறைகிறது என்ற எச்சரிக்கையும் ஸஹீஹான ஹதீஸ்களில் உண்டு. நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் சேர்க்க வேண்டும் என்ற கட்டளையும் உண்டு (முஸ்லிம்). இரக்கமும் வேண்டும், எல்லையும் வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

சந்தைக்குள் அம்பு

பிள்ளைகள் கூடுமிடத்துக்கு நாயைக் கொண்டுவருவது பற்றி நேரடியான ஹதீஸ் ஏதும் உண்டா என்று சிலர் கேட்கலாம். நம் கேள்விக்கு வெளிச்சம் தரும் ஒரு ஹதீஸ் உண்டு. அம்புகளோடு பள்ளிவாசலையோ சந்தையையோ கடந்து செல்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், யாருக்கும் காயம் பட்டுவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள் (புகாரி, முஸ்லிம்).

கவனியுங்கள்! அம்பு வைத்திருப்பதை அவர்கள் தடுக்கவில்லை. அம்பு வைத்திருப்பவர் கெட்டவர் என்றும் சொல்லவில்லை. யாருக்கும் இன்னும் காயம் படவுமில்லை. ஆனால் மக்கள் கூடும் இடத்துக்கு வந்தால், கூர்முனை அவருடைய பொறுப்பு. கூட்டத்தில் இருப்பவர் விலகிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது.

நாயின் முனை அதன் வாய். "என் நாய் யாரையும் கடித்ததில்லை" என்பவர், "என் அம்பு இதுவரை யாரையும் குத்தியதில்லை" என்று சொல்பவரைப் போன்றவரே.

கடித்தால்தானே குற்றம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். ஒரு பயணத்தில் உறங்கிக் கொண்டிருந்த தோழரின் கயிற்றை இன்னொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (அபூதாவூத்). பெரிய மனிதரின் ஒரு கணத் திடுக்கமே இவ்வளவு கனமானதென்றால், ஆறு வயதுப் பிள்ளையின் அலறல் எவ்வளவு கனமானது? பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள்மேல் நாயை "சூ" காட்டி வேடிக்கை பார்க்கும் வாலிபர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அந்தப் பிள்ளை முஸ்லிமா, இந்துவா, பௌத்தனா என்ற வேறுபாடு இதில் இல்லை. அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்யாதிருப்பது எல்லா அண்டை வீட்டாருக்கும் உரிய கடமை.

பிக்ஹு அறிஞர்களும் இதைச் சட்டமாகவே பேசியிருக்கிறார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில், பறவையையோ உணவையோ சேதப்படுத்துவது வழக்கமாகிவிட்ட பூனையின் சொந்தக்காரர், பகலோ இரவோ, அந்த நட்டத்துக்குப் பொறுப்பு என்று எழுதுகிறார்கள். பூனைக்கே இப்படியென்றால், கடிக்கும் பழக்கமுள்ள நாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

நாயுடன் வருவோர் கவனிக்க

முதலாவது, பாடசாலை, மத்ரஸா, பிள்ளைக்காம்பரா, பெருநாள் தொழுகைத் திடல் ஆகிய இடங்களுக்கு நாயைக் கூட்டி வராதீர்கள். பிள்ளையின் பின்னால் தானாக ஓடிவரும் நாயை, பிள்ளை போய்ச்சேரும் வரை வீட்டில் கட்டி வையுங்கள்.

இரண்டாவது, விக்டோரியா பூங்கா, கிரகரி வாவிக்கரை போன்று எல்லோரும் கூடும் இடங்களில், நாயை அனுமதிக்கும் பகுதிகளுக்கு மட்டும் கொண்டு செல்லுங்கள். குட்டையான வாரில், பெரியவர் ஒருவரின் கையிலேயே நாய் இருக்க வேண்டும். பலமான நாயின் வாரைச் சிறுவனிடம் கொடுப்பது, அம்பைச் சிறுவனிடம் கொடுப்பதே.

மூன்றாவது, பிள்ளையின் பயத்தைப் பரிகாசம் செய்யாதீர்கள். "பயப்படாதே, தடவிப் பார்" என்று வற்புறுத்தாதீர்கள். தள்ளி நிற்க வேண்டியவர் நாயைக் கொண்டுவந்தவரே.

நான்காவது, ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். நாய்களால் வரும் நீர்வெறுப்பு நோயைத் தடுக்க 1893ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டம் வந்தது; நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இல் வந்தது.

ஐந்தாவது நமக்கே உரியது. உழ்ஹிய்யா கொடுக்கும் நாட்களில் அறுக்கும் இடத்தில் பிள்ளைகள் கூடி நிற்கிறார்கள். குடலையும் எலும்பையும் ஓரத்தில் வீசினால் ஊர் நாய்களெல்லாம் அங்கே சண்டையிடும். கழிவுகளை உடனே ஆழமாகப் புதையுங்கள். நாயை வரவழைத்தவர் நாமாக இருக்கும்போது நாயைத் திட்டிப் பயனில்லை.

ஈர நாயும் ஏழு முறை கழுவுதலும்

நம் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஷாபிஈ மத்ஹபில் நாய் கடும் நஜீஸ். ஆனால் காய்ந்த நாயின் உடல் காய்ந்த உடுப்பில் பட்டால் நஜீஸ் ஒட்டாது. இரண்டில் ஒன்று ஈரமாயிருந்தால்தான் ஏழு முறை கழுவும் சட்டம். நம் மலையிலோ மழையும் பனியும் இல்லாத நாட்கள் குறைவே. பாடசாலைக்கு வரும் நாயும் நனைந்திருக்கும். பிள்ளையின் வெள்ளைச் சீருடையும் நனைந்திருக்கும். ஒரு நாய் செல்லமாக உரசிச் சென்றால், அன்று இரவு ஒரு தாய்க்கு மண் கலந்து கழுவும் வேலை காத்திருக்கிறது. மாற்றுச் சீருடை இல்லாத வீட்டில் மறுநாள் பாடசாலையே தவறலாம். இது பிற சமய அயலவருக்குத் தெரியாது. கோபப்படாமல் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பட்டதா, படவில்லையா என்ற சந்தேகம் மட்டும் இருந்தால் கழுவ வேண்டியதில்லை. உறுதியைச் சந்தேகம் நீக்காது என்பது சட்டவிதி. நாய் சுத்தமானது என்பது மாலிகி மத்ஹபின் கருத்து என்பதையும் அறிந்திருந்தால் நம் நாவு மென்மையாகும்.

மறைக்கும் பிள்ளை

இக்கட்டுரையில் மிக முக்கியமானது இதுதான். நம் வீடுகளில் நாயைத் தொட்ட பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது, சில வேளை அடியும் விழுகிறது. ஆகவே வழியில் ஒரு குட்டி நாய் செல்லமாகக் கவ்விய கீறலைப் பிள்ளை வீட்டில் சொல்வதில்லை. சட்டைக்குள் மறைத்துக்கொள்கிறது. அங்கேதான் ஆபத்து.

நீர்வெறுப்பு நோய் எச்சிலால் பரவுகிறது. சிறு கீறலே போதும், குட்டியும் பரப்பும். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் உரிய காலத்தில் தடுப்பூசி போட்டால் தடுத்துவிடலாம். லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் இந்த ஊசியை முதன்முதலாக ஏற்றியது நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத்தான்; அவன் பிழைத்தான். இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். அண்மைக் காலங்களில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது முதல் நாற்பதாகக் குறைந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

எனவே கடியோ கீறலோ பட்டால், சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். மண் சேர்த்துக் கழுவும் சட்டத்தை நினைத்துத் திறந்த காயத்தில் மண்ணை இடாதீர்கள்; தீங்கு அஞ்சப்படும் இடத்தில் வைத்தியரின் சொல்லே முந்தும். தோட்ட டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். ஊசி அங்கே இலவசம். சொல்லப்பட்ட எல்லா நாட்களிலும் தவறாமல் போடுங்கள்.

பிள்ளைக்கு இன்றே சொல்லி வையுங்கள்: "நாய் வந்தால் ஓடாதே, கத்தாதே, அசையாமல் நில், அதன் கண்ணைப் பார்க்காதே. தின்னும் நாயிடமும் குட்டி போட்ட நாயிடமும் போகாதே. கல்லெறியாதே. கடித்தாலோ கீறினாலோ உடனே சொல். உம்மாவும் வாப்பாவும் ஏசமாட்டோம்." இதில் கடைசி வாக்கியமே ஓர் உயிரைக் காக்கக் கூடியது. உடுப்பின் நஜீஸை ஏழு முறை கழுவி நீக்கலாம். பிள்ளை மறைத்த கடியை எத்தனை முறை கழுவினாலும் பின்னர் நீக்க முடியாது.

நாய் வைத்திருப்பவர் முனையைப் பிடித்துக்கொள்ளட்டும். பிள்ளை வைத்திருப்பவர் நாவைப் பிடித்துக்கொள்ளட்டும். நம் பிள்ளைகளையும் அயலவர் பிள்ளைகளையும் அல்லாஹ் எல்லாத் தீங்கிலிருந்தும் பாதுகாத்து, அவனுடைய படைப்புகள்மீது இரக்கமுள்ளவர்களாக வளர்ப்பானாக! ஆமீன்.