வேட்டைக் குண்டும் அதன் அளவும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று பார்த்தால் தென்கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனிமலைத் தொடரும் தெரியும். இடையே கிடப்பது நம் சமவெளி. நிலக்கடலையும் மக்காச்சோளமும் காய்கறியும் விளையும் பூமி. இவ்விரு மலைகளிலும் காட்டெருமை உண்டு. காட்டெருமை என்று நாம் சொன்னாலும் அது எருமையன்று, மாட்டினமே. ஆதலால் அதைக் ‘காட்டுமாடு’ என்பவர்களே சரியாகச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். முழு வளர்ச்சி பெற்ற காளை தோள்மட்டத்திலேயே ஓர் ஆள் உயரம் நிற்கும். எடை எண்ணூறு கிலோ, ஏன், ஆயிரம் கிலோகூட இருக்கலாம். அத்தகைய உடலைச் சுண்டுவிரல் நுனியளவே உள்ள ஓர் உலோகத் துண்டு எப்படி வீழ்த்துகிறது? எந்தத் துண்டு வீழ்த்தும்? எது வீழ்த்தாமல் புண்படுத்தி விட்டுவிடும்? இவையே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்விகள்.

இந்தக் காலத்தில் வேட்டை ஏது என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 1970இல் புலிவேட்டை நாடெங்கும் தடுக்கப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் எஞ்சியிருந்த வாயில்களையும் அடைத்தது. யானையும் காட்டுமாடும் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. ஆயினும் வேட்டை சட்டப்படி நின்றதனால் காயம்பட்ட விலங்கு காட்டில் இல்லாமற் போய்விடவில்லை. மலையடிவாரத் தோட்டங்களில் நாட்டுத் துப்பாக்கி மறைவாக வெடிப்பதுண்டு. குண்டு பட்ட விலங்கு அங்கேயே விழாது, புதருக்குள் போய்விடும். பிறகு நேர்வதுதான் கொடுமை.

இதற்கு உலகமறிந்த சான்று ஒன்று உண்டு. இமயமலைச் சாரலில், குமாவுன் பகுதியில் உள்ள சம்பாவத் என்னுமிடத்தில் 1907ஆம் ஆண்டு ஜிம் கார்பெட் ஒரு பெண்புலியைச் சுட்டார். நேபாளத்திலும் குமாவுனிலுமாக அது 436 மனிதர்களைக் கொன்றிருந்தது என்பது அவர் தந்த கணக்கு. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்து மேற்கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்பு வரை போயிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம்! தன் இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற் போனதால்தான் அப்புலி மனிதனைத் தேடி வந்தது என்று கார்பெட் முடிவு செய்தார். யாரோ ஒருவர் குறியும் குண்டும் பொருந்தாமல் சுட்ட ஒரே ஒரு வெடிக்கு எத்தனை ஊர்கள் விலை கொடுத்தன என்று எண்ணிப் பாருங்கள்.

இனிக் குண்டுக்கு வருவோம். துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தையே காலிபர் என்கிறார்கள். ஆங்கில முறையில் அதை அங்குலத்தின் பின்னமாகக் குறிப்பார்கள். .303 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு. நம் கணக்கில் 7.7 மில்லிமீட்டர். குண்டின் எடையைக் ‘கிரெயின்’ என்னும் அளவால் சொல்வது அவர்கள் வழக்கம். நம் பொற்கொல்லர் தராசில் இட்ட குன்றிமணியின் எடையில் ஏறத்தாழப் பாதியே ஒரு கிரெயின். பதினைந்தரைக் கிரெயின் சேர்ந்தால் ஒரு கிராம் ஆகும். குழலின் உட்புறத்தில் திருகுபோல் வளைந்து செல்லும் புரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைக் கவ்விச் சுழன்றபடியே வெளிவரும். பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதுபோல அதுவும் தலைகீழாகப் புரளாமல் முனை முன்னாகப் பறக்கும். இப்புரி உள்ள துப்பாக்கிதான் ரைபிள்.

பெரிய விலங்குக்குப் பெரிய குண்டு என்பது எவருக்கும் முதலில் தோன்றுவது. அதில் உண்மை உண்டு, பாதியளவு. யானைக்கும் காட்டுமாட்டுக்கும் பெயர்பெற்ற .470 ரைபிளின் குண்டு 500 கிரெயின், அதாவது 32 கிராமுக்குச் சற்று மேல். அது விநாடிக்கு ஏறத்தாழ 655 மீட்டர் வேகத்தில் புறப்படும். பள்ளியில் படித்த வாய்பாட்டைப் போட்டுப் பாருங்கள்; இயக்க ஆற்றல் ஏறக்குறைய 7,000 ஜூல் வரும். கார்பெட்டுக்கு மிகவும் பிடித்த .275 ரிக்பி ரைபிளின் குண்டோ 9 கிராம்தான். அதன் ஆற்றல் 3,000 ஜூல் அளவே. இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கப் பெரிய குண்டு விலங்கை அப்படியே பெயர்த்து எறியும் என்று நினைக்கத் தோன்றும். திரைப்படங்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

அது வெறும் மயக்கம். ஆற்றலை விட்டு உந்தத்தைக் கணக்கிடுங்கள். 32.4 கிராமை 655 மீட்டரால் பெருக்கினால் 21 கிலோகிராம்-மீட்டர் சொச்சம். எண்ணூறு கிலோக் காளையின் உடலில் அந்த உந்தம் முழுதும் சேர்ந்தாலும் அக்காளை விநாடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்திற்குமேல் நகராது. அட்டை ஊர்வதுபோல! அதுவுமன்றி, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சுட்டவர் தோளிலும் அதே உந்தம், சொல்லப்போனால் வெடிமருந்துப் புகையின் பங்கும் சேர்ந்து இன்னும் சற்று அதிகமாகவே, பின்னோக்கி இடித்திருக்கும். அவர் விழாதபோது காளை மட்டும் எப்படி விழும்? குண்டு விலங்கைத் தள்ளிக் கொல்வதில்லை. உள்ளே சென்று இதயத்தையோ நுரையீரலையோ மூளையையோ தொட்டால்தான் கொல்லும். தொடாவிட்டால் எந்தக் காலிபரும் பயனற்றது.

ஆகவே உண்மையான கேள்வி, எவ்வளவு ஆழம் போகும் என்பது. ஒரே விட்டமுள்ள இரு குண்டுகளில் நீண்டதும் கனத்ததுமே ஆழப் பாயும். நாட்டுத் துப்பாக்கியின் குறை இங்கேதான் இருக்கிறது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈய உருண்டை ஏறத்தாழப் பத்துக் கிராம் நிற்கும். ஏறக்குறைய அதே விட்டமுள்ள .470 குண்டு, நீளமாக இருப்பதால், அதைப்போல் மும்மடங்கு எடை. உருண்டை காற்றிலேயே வேகத்தை இழக்கும். தோலில் பட்டதும் தட்டையாகும். எலும்பில் பட்டால் அங்கேயே நின்றுவிடும். புரியில்லாக் குழல் என்பதால் குறியும் நிலைக்காது. காட்டுமாட்டின் முதுகில் ஒரு மேடு இருக்கிறதே, அது நீண்ட முதுகெலும்பு முட்களால் ஆனது. பக்கவாட்டில் பார்ப்பவன் உடலின் நடுவே குறி வைத்ததாக எண்ணுவான். குண்டோ இதயத்திற்கு மிக மேலே போய்த் தசையில் புதையும். உடலின் கீழ் மூன்றிலொரு பங்கில்தான் இதயம் இருக்கிறது. இதை அறியாமல் சுடப்பட்ட காட்டுமாடுகள் பழைய நாளில் எத்தனையோ.

ஆழம் மட்டும் போதுமா என்றால், அதுவும் விலங்கைப் பொறுத்தது. இங்கே நம் நாட்டின் பெயர் உலக வரலாற்றில் ஏறிய கதை ஒன்று வருகிறது. ஈயக் குண்டின் மேல் முழுதும் கடின உலோக உறை போர்த்தினால் அது உருக்குலையாமல் ஊடுருவிப் போகும். அதைக் கெட்டிக் குண்டு என்போம். 1890களில் எல்லைப்புறப் போர்களில் ஆங்கிலப் படையினர் இத்தகைய .303 குண்டையே பயன்படுத்தினார்கள். அது சிறு துளை மட்டும் இட்டு மறுபுறம் போய்விடுகிறது, எதிரி நிற்கவில்லை என்று முறையிட்டார்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் உறையின் முனையை மட்டும் நீக்கி ஈயம் வெளியே தெரியும்படி ஒரு குண்டு செய்தார்கள். அது உடலில் பட்டதும் முனை காளான்போல் விரிந்து பெரும் புண் விளைக்கும். 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தலாகாது என்று உறுதி செய்தன. அது மனிதத் தன்மையற்றது என்பது காரணம்.

ஆனால் வேட்டையிலோ நீதி தலைகீழாக நின்றது. புலிக்கும் கடமானுக்கும் கெட்டிக் குண்டைப் போடுவதே கொடுமை எனப்பட்டது. சிறு துளையோடு அது பல மைல் ஓடிப் பல நாள் துன்புற்றுச் சாகும். மென்முனைக் குண்டு நுரையீரலில் விரிந்தால் சில நொடிகளில் முடிந்துவிடும். போரில் காயம்பட்டவனுக்கு மருத்துவமனை உண்டு, காட்டில் காயம்பட்ட மானுக்கு யார் உண்டு? யானைக்கு மட்டும் கெட்டிக் குண்டே வேண்டும். அதன் மூளை, தேன்கூடுபோல் அறையறையாக உள்ள பருத்த எலும்புக்குப் பின்னே ஆழத்தில் கிடக்கிறது. மென்முனை வழியிலேயே சிதறிவிடும். காட்டுமாடு இரண்டுக்கும் நடுவே நிற்கும் விலங்கு. இரட்டைக் குழல் ரைபிள் வைத்திருந்தவர்களில் சிலர் ஒரு குழலில் மென்முனையும் மறு குழலில் கெட்டியும் இட்டுச் செல்வார்கள்.

சிறு குண்டா பெரிய குண்டா என்னும் வழக்கு அக்காலத்தில் ஓயவே இல்லை. ஸ்காட்லாந்துக்காரரான பெல் என்பவர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர்க் கெட்டிக் குண்டாலேயே கொன்றார். யானை மண்டையோட்டை வாளால் அறுத்து மூளை இருக்குமிடத்தைக் கற்றவர் அவர். அந்த எண்ணிக்கையைக் கேட்க எனக்கு மனம் கூசுகிறது. எனினும் உடலமைப்பை அறிந்தவர் கையில் 11 கிராம் உலோகம் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அந்த அறிவும் நிதானமும் எல்லோருக்கும் வாய்க்காது என்பதால்தான் பிறர் கனத்த குண்டை நாடினார்கள். நம் சேலம் மாவட்டத்துக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் நடுவழியை எடுத்து .405 வின்செஸ்டரைக் கைக்கொண்டார்.

காலிபரைக் காடு மட்டும் தீர்மானிக்கவில்லை, அரசாங்கமும் தீர்மானித்தது. 1907ஆம் ஆண்டளவில் ஆங்கில அரசு .450 காலிபர்க் குண்டுகளை இந்தியாவுக்குள் கொண்டுவரலாகாது என்று தடுத்தது. படைவீரர்களின் பழைய மார்ட்டினி-ஹென்றி ரைபிளும் அதே காலிபர். வேட்டைக் குண்டு கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே காரணம். உடனே லண்டன் துப்பாக்கி வினைஞர்கள் .465, .470 என்று சற்றே மாறுபட்ட அளவுகளை முன்னே கொண்டுவந்தார்கள். ஆக, யானைத் துப்பாக்கி என்று ஆப்பிரிக்காவிலும் புகழ்பெற்ற .470 அவ்வளவு பரவியதற்கு நம் நாட்டு மக்களைப் பற்றிய ஓர் அச்சமும் காரணமாயிற்று! விடுதலைக்குப் பின்னும் இந்த எண்ணம் மாறிவிடவில்லை. .303 இன்றும் குடிமக்களுக்குத் தடுக்கப்பட்ட காலிபர். அதனால்தான் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை படையினர் பயன்படுத்தாத .315 அளவில் ரைபிள் செய்தது. திண்டுக்கல் பூட்டுக்காரர் ஒரு பூட்டின் சாவி மற்றொன்றில் நுழையாதபடி நெம்பு அமைப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

இந்தக் கணக்குகள் இன்று வேறு துப்பாக்கிக்குப் பயன்படுகின்றன. 2023 மே 27ஆம் நாள் தேனி மாவட்டத்துக் கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் என்னும் காட்டுயானை புகுந்ததை நீங்கள் அறிவீர்கள். ஜூன் 5ஆம் நாள் வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி அதைப் பிடித்துக் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அந்த ஊசித் துப்பாக்கிக்கும் காலிபர் உண்டு. 11 அல்லது 13 மில்லிமீட்டர். வெடிமருந்துக்குப் பதில் அழுத்தப்பட்ட வாயு. குண்டுக்குப் பதில் பின்னால் குஞ்சம் கட்டிய சிறு மருந்துக் குழல். அதன் ஊசியில் பக்கத்துளை ஒன்று இருக்கும். ரப்பர் போன்ற உறை அதை மூடியிருக்கும். ஊசி தோலில் நுழையும்போது உறை பின்னே தள்ளப்படும். உள்ளே அடைத்த காற்று மருந்தைத் தசைக்குள் செலுத்தும். ஆழப் பாய்வதே வேட்டைக் குண்டின் சிறப்பு. இதற்கோ ஆழப் பாய்வதே குற்றம். அழுத்தம் மிகுந்தால் எலும்பு முறியலாம், உள்ளுறுப்பு கிழியலாம். குறைந்தால் தடித்த தோலில் பட்டுக் கீழே விழும். ஆதலால் கால்நடை மருத்துவர் முதலில் தூரத்தை அளக்கிறார். அதற்கேற்ப அழுத்தத்தைத் திருகி வைத்துப் பின்தொடையின் தசையைக் குறி பார்க்கிறார். மருந்து வேலை செய்யப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் யானை பள்ளத்திலோ நீர்நிலையிலோ போய் விழுந்துவிடாதபடி, பழைய வேட்டைக்காரர் இரத்தத் தடத்தைப் பின்பற்றியதுபோல, அவருடைய குழுவினர் பின்னாலேயே நடந்து செல்ல வேண்டும்.