ஸ்னூக்கர் பிறந்தது ஊட்டியிலா, ஜபல்பூர்லயா?

போன தடவை ஊட்டி போனப்போ ஏரி, தொட்டபெட்டா எல்லாத்தையும் விட்டுட்டு, புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குப் பக்கத்துல ஒரு கேட் முன்னாடி போய் நின்னேன். உள்ளே வெள்ளைத் தூண்கள் வச்ச பழைய கட்டடம். 1841-ல தொடங்கின ஊட்டி கிளப். ஸ்னூக்கர் பிறந்த இடம்னு உலகமே சொல்றது இங்க இருக்கிற பில்லியர்ட்ஸ் அறையைத்தான். உறுப்பினர்களுக்கும் அவங்க விருந்தினர்களுக்கும் மட்டும்தான் அனுமதி. அது தெரிஞ்சுதான் போனேன். வெளியில நின்னு பார்த்தாலே போதும்னு இருந்துச்சு.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஆட்டம் முதல்ல ஆடப்பட்டது ஊட்டியிலயே இல்ல!

1875, ஜபல்பூர், மழைக்காலம். வெளியே போக முடியாம ராணுவ அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. அதுல ஒருத்தர் நெவில் சேம்பர்லைன். (பின்னாடி பிரதமரா வந்தவர் இல்ல, இவர் வேற.) அப்போ ஆடிட்டிருந்த 'பிளாக் பூல்' ஆட்டத்துல இன்னும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்க்கிறார். ஒருத்தர் சுலபமான பந்தைக் கோட்டை விட்டதும், "நீ ஒரு ஸ்னூக்கர்"னு கிண்டல் பண்றார். இங்கிலாந்து ராணுவப் பயிற்சிக் கல்லூரியில முதலாம் ஆண்டு பசங்களுக்கு வச்ச பட்டப்பேரு அது. நம்ம காலேஜ்ல 'ஜூனியர்'னு இழுத்துச் சொல்ற மாதிரி. அந்தப் பேரே ஆட்டத்துக்கும் ஒட்டிக்கிச்சு.

அப்புறம் ஊட்டி எப்படி உள்ளே வந்துச்சு? சேம்பர்லைன் பின்னாடி மதராஸ் ராணுவத் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்ஸோட வேலை பார்த்தார். மதராஸ் அரசாங்கத்துக்குக் கோடைக்காலத் தலைநகரம் ஊட்டி. பெங்களூர், செகந்திராபாத் அதிகாரிகள், மைசூர் பக்கத்துத் தோட்டக்காரங்க எல்லாரும் வந்து கூடுற இடம். ஒரே மேசையில பல ஊர்க்காரங்க ஆடணும்னா, ஒரே விதி வேணும் இல்லையா? 1882-ல விதிகளை எழுதி அந்த அறையில ஒட்டினாங்க.

இங்கதான் எனக்கு என் கதை ஞாபகம் வந்துச்சு. ஆபீஸ்ல ஒரு டூல் எழுதினேன். சூப்பரா ஓடுச்சு, ஆனா எப்படி ஓட்டணும்னு ஒரு வரி எழுதி வைக்கல. நான் வேற டீமுக்கு மாறினதும் அதை யாரும் தொடல. ஜபல்பூர்ல இருந்தது, நான் பக்கத்துல இருந்தா மட்டும் ஓடுற அந்த டூல் மாதிரி. ஊட்டியில அது, முன்பின் தெரியாத ஒருத்தரும் எடுத்து ஆடக்கூடிய ஆட்டமா ஆச்சு. 1885-ல இங்கிலாந்து சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ், சேம்பர்லைனைக் கல்கத்தாவுல பார்த்து விதிகளைக் கேட்டுக்கிட்டுப் போனார். ஆட்டம் கப்பல் ஏறிடுச்சு.

ஆனா யார் கண்டுபிடிச்சாங்கன்னு எங்கேயும் உறுதியா எழுதி வைக்கல. பல வருஷம் கழிச்சு, இது இங்கிலாந்துலயே பிறந்த ஆட்டம்னு பேச்சு வந்துச்சு. 1938-ல, 80 வயசைத் தாண்டின சேம்பர்லைன், 'தி ஃபீல்ட்' பத்திரிகைக்குத் தானே கடிதம் எழுதித்தான் உரிமை கோர வேண்டியிருந்துச்சு.

2003-ல பெங்களூர் பையன் பங்கஜ் அத்வானி உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம் ஜெயிச்சார். அந்த அறை இன்னும் மூடின கேட்டுக்குள்ளதான் இருக்கு; விதிகள் வெளிய வந்துடுச்சு. நான் ஊர் திரும்பி முதல் வேலையா அந்த டூலுக்கு ரெண்டு பக்கம் எழுதி வச்சேன். உங்ககிட்டயும் அப்படி எழுதாம விட்டது ஏதாவது இருக்கா?