விரியன் கடிக்குப் பின் ஒரு காலைச் சோதனை

பாம்பு தீண்டினால் நம் கிராமங்களில் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘பூச்சி கடிச்சிடுச்சு’ என்பார்கள். பொம்மையார்பாளையத்து முந்திரித் தோப்பிலிருந்து திண்டிவனத்து மல்லாட்டைக் கொல்லைவரை அந்தப் பூச்சி கண்ணாடி விரியனாக இருந்துவிட்டால், ஆபத்து ஆஸ்பத்திரியோடு முடிவதில்லை.

விரியனின் விஷம் முதலில் ரத்தத்தைத் தாறுமாறாக உறைய வைக்கும். உறைவதற்கான பொருட்கள் தீர்ந்ததும் ரத்தம் நிற்காமல் கசியும். அதனால்தான் கடிபட்டவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கிறார்கள். உறையாவிட்டால் உடனே விஷமுறிவு மருந்து.

ஆனால் இந்தக் குழப்பத்தில், மூளைக்கு அடியில் அரை கிராம் எடையில் பட்டாணிபோல் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியும் சிலருக்குச் சிதைந்துவிடுகிறது. பிரசவத்தில் ரத்தம் மிகுதியாகப் போன தாய்மாருக்கு இது நேர்வதை 1937-ல் ஷீஹான் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தார். அதே நிலை விரியன் கடித்தவர்களுக்கும் வருவதை, 1987-ல் பர்மா நோயாளிகளை வைத்து ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. இந்திய மருத்துவர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அறிகுறிகள் மெல்ல வரும். தீராத களைப்பு, பசியின்மை, குறைந்த ரத்த அழுத்தம், குளிர் தாங்காமை. ஆணுக்குத் தாடி வளர்ச்சி குறையும். பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கும். ‘கடிச்சதிலிருந்து சோம்பேறியாயிட்டான்’ என்று வீட்டார் நினைப்பதுதான் கொடுமை.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பிட்யூட்டரியின் ஏவலில் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், உடலில் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். எனவே காலை 8 மணியளவில் ரத்தம் எடுப்பார்கள். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறை ஏறக்குறைய உறுதி. 15-க்கு மேல் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. இடைப்பட்டால், அட்ரினலைத் தூண்டும் ஊசி போட்டு 30, 60 நிமிடங்களில் மீண்டும் அளப்பார்கள். பிட்யூட்டரியின் ஏவல் வாரக்கணக்கில் கிடைக்காத அட்ரினல் சுருங்கிப்போயிருக்கும். ஊசிக்கும் சரியாக எழும்பாது. இன்சுலின் கொடுத்து ரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இறக்கிப் பார்க்கும் சோதனையும் உண்டு. இதய நோயோ வலிப்போ உள்ளவர்களுக்கு அது ஆகாது; மருத்துவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தைராய்டு சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. பலர் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோனை மட்டும் பார்க்கிறார்கள். அதைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். பிட்யூட்டரி பழுதானபோதும் அந்த எண் ‘நார்மல்’ என்று வரலாம். கூடவே தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மருந்திலும் வரிசை முக்கியம்: முதலில் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன், பிறகே தைராய்டு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிழைத்தவர்களையும் நாம் கைவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கண்ணாடி விரியன் கடி’ என்று எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு வருடம் கழித்துக் களைப்பென்று மருத்துவரிடம் போனாலும், முதலில் அந்தச் சீட்டை நீட்டுங்கள்.