பகலின் மூர்க்கத்துக்கு இரவில் ஒரு காரணம்

நரம்பு வளர்ச்சிக் குறைபாடு என்பது, மூளை உருவாகி வளரும் பருவத்திலேயே நேரும் மாற்றங்களால் பேச்சு, அறிவுத்திறன், இயக்கம், நடத்தை ஆகியவை பாதிக்கப்படும் நிலைகளுக்கான பொதுப்பெயர். இவற்றுள் அரிய மரபணுக் குறைபாடுகள் உள்ள குழந்தைகளிடம் அடம், கடித்தல், தலையை முட்டிக்கொள்ளுதல் போன்றவை உடனே கண்ணில் படுகின்றன. அவர்களின் இரவு எப்படிக் கழிகிறது என்ற கேள்வியோ தாமதமாகவே எழுகிறது. உறக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து அமர்வார். குழந்தையிடம் அதே குறை பரபரப்பாகவும் எரிச்சலாகவும் வெளிப்படுவதால், காரணம் இரவில் இருப்பது மறைந்துபோகிறது.

கடிகாரம் புரளும்போது

இதற்குத் தெளிவான சான்று ஸ்மித்–மெகெனிஸ் நோய்க்குறி. 1980-களில் ஆன் ஸ்மித், எலன் மெகெனிஸ் ஆகியோர் விவரித்த இக்குறைபாடு, 17-ஆம் குரோமோசோமில் சிறு துண்டு விடுபடுவதாலோ, அப்பகுதியிலுள்ள ஆர்.ஏ.ஐ.1 என்னும் மரபணு பழுதுபடுவதாலோ உண்டாகிறது. ஏறத்தாழ 15,000 முதல் 25,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. இருள் சூழ்ந்ததும் மூளையின் பினியல் சுரப்பியில் சுரந்து உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின், இக்குழந்தைகளில் பெரும்பாலோரிடம் பகலில் உயர்ந்து இரவில் தாழ்கிறது. ஆகவே விடியுமுன் விழித்துவிடும் குழந்தை, நண்பகலில் உறக்கத்தோடு போராடியபடியே வகுப்பில் அமர்ந்திருக்கிறது. பினியல் சுரப்பியைத் தூண்டும் நரம்புச் செய்தியைப் பீட்டா தடுப்பான் மருந்தால் காலையில் தணித்து, மாலையில் மெலடோனின் கொடுக்கும் முறையைப் பிரான்சில் எலென் த லீர்ஸ்னிடர் குழுவினர் ஆராய்ந்தனர். 2020 டிசம்பரில் டாஸிமெல்டியான் என்னும் மருந்துக்கு அமெரிக்கா இந்நோய்க்குறியின் இரவு உறக்கக் குலைவுக்கென ஒப்புதல் அளித்தது.

ஒரே இடம், இரு விளைவுகள்

எல்லாக் குறைபாடுகளும் உறக்கத்தை ஒரே வழியில் குலைப்பதில்லை. 15-ஆம் குரோமோசோமின் குறிப்பிட்ட பகுதியில் தாயிடமிருந்து வந்த மரபணு செயல்படாவிட்டால் ஏஞ்சல்மன் நோய்க்குறி தோன்றுகிறது. வலிப்பும் அடிக்கடி வரும் சிரிப்பும் கொண்ட இக்குழந்தைகள் மிகக் குறைவாகவே உறங்குகின்றனர். அதே பகுதியில் தந்தைவழி மரபணுக்கள் இல்லாதபோது உண்டாகும் பிராடர்–வில்லி நோய்க்குறியிலோ, அடங்காப் பசியோடு பகலுறக்கமும், உறங்கும்போது மூச்சு விட்டுவிட்டு நின்றுபோகும் மூச்சுத்தடையும் சேர்ந்துகொள்கின்றன. எம்.இ.சி.பி.2 மரபணு பழுதால் பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும் ரெட் நோய்க்குறியில், நள்ளிரவில் திடீரென எழும் சிரிப்பும் அலறலும் வீட்டை எழுப்பிவிடுகின்றன. எனவே, ஒரு குழந்தைக்குப் பயன்பட்ட மருந்தையோ அறிவுரையையோ இன்னொரு குழந்தைக்கு அப்படியே பொருத்துவது தவறு.

இவற்றோடு மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பல்வலி, இரும்புச்சத்துக் குறைவு, இரவு வலிப்பு ஆகிய தீர்க்கத்தக்க காரணங்களும் கலந்திருக்கக்கூடும். வலியைச் சொல்லப் பேச்சில்லாத குழந்தை அதை அழுகையாலும் அடியாலுமே தெரிவிக்கிறது என்பதால், உறக்க மருந்தைத் தேடுமுன் இவற்றைச் சோதிப்பது முறை.

அத்திபெலேயிலிருந்து

கர்நாடகத்தில், தமிழக எல்லையை ஒட்டிய அத்திபெலேயில், ஓசூர், பொம்மசந்திரா ஆலைகளின் ஷிப்ட் வேலைக்குச் செல்வோர் வீடுகளில் பெரியவர்களின் உறக்கமே மாறிமாறி வரும்போது, விழித்திருக்கும் குழந்தையைக் காப்பது இருமடங்குச் சுமையாகிறது. எனினும் ஊரின் வழியே செல்லும் ஓசூர் சாலையிலேயே பெங்களூரின் நிமான்ஸ் நிறுவனமும், அதன் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலப் பிரிவும் உள்ளன. 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ், அந்நகரின் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி மருத்துவமனையும் சேர்ந்து உயர் சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டுள்ளன. சிறு குரோமோசோம் இழப்புகள் சாதாரண நுண்ணோக்கிச் சோதனைக்குப் புலப்படாமல் போகலாம் என்பதால், மைக்ரோஅரே போன்ற நுண்ணிய மரபணுச் சோதனை தேவைப்படுகிறது.

சோதனைக்குமுன் பெற்றோர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. உறங்கிய நேரம், விழித்த நேரம், குறட்டை, பகலுறக்கம், அடம் எழுந்த நேரம் ஆகியவற்றை இரண்டு வாரம் ஒரே தாளில் குறித்து, இரவில் நிகழும் விநோத அசைவுகளைக் கைப்பேசியில் படம்பிடித்துச் சென்றால், வலிப்பையும் உறக்கக் கோளாறையும் பிரித்தறிய மருத்துவருக்கு அது உதவும். இரவும் பகலும் ஒரே தாளில் அருகருகே நிற்கும்போது, வளர்ப்பின் குறையென்று உறவினர் சொல்லிவந்த மூர்க்கம் எந்த நேரத்தில், எத்தகைய இரவுக்குப் பின் எழுகிறது என்பதும் புலப்படத் தொடங்கும்.