பெயருக்குப் பத்து சென்ட்

அமெரிக்காவின் சிற்றூர்களில் நூலகத்துக்குப் பணம் தேவைப்பட்டால் இன்றைக்கும் பெண்கள் ஊசியை எடுக்கிறார்கள். ஊரின் பழைய ஆலை, மரப்பாலம், ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், தேவாலயக் கோபுரம், ரயில் நிலையம் என்று ஆளுக்கொன்றாகச் சதுரத் துணியில் தைக்கிறார்கள். பிறகு எல்லாவற்றையும் இணைத்துப் பெரிய போர்வையாக்கி, அதைப் பரிசாக அறிவித்துக் குலுக்கல் சீட்டு விற்கிறார்கள். 1976-இல் நாட்டின் 200-ஆம் ஆண்டு விழா வந்தபோது இப்படி ஊர்ச் சரித்திரத்தைச் சொல்லும் ‘குயில்ட்’டுகள் நாடெங்கும் தைக்கப்பட்டன.

குயில்ட் நம் வீட்டுப் போர்வை போல ஒற்றைத் துணி அல்ல. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றும் நழுவாமல் இருக்க மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றிலும் உட்கார்ந்து ஓட்டுத் தையல் போடுவார்கள். தேர்ந்த கை அங்குலத்துக்கு எட்டு, பத்து தையல் போடும். வேலை வாரக்கணக்கில் போகும். பேச்சும் கூடவே போகும்.

இந்த வழக்கத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது படங்கள் அல்ல, பெயர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிதி திரட்டத் தைத்த போர்வைகளில் கட்டடமும் பாலமும் பெரும்பாலும் இருக்காது. வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் தைத்த பெயர்கள் மட்டுமே இருக்கும். பல இடங்களில் பெயருக்குப் பத்து சென்ட் வாங்கினார்கள். கூலிக்காரர் ஒருவருக்கு நாள் சம்பளம் ஒன்றிரண்டு டாலராக இருந்த காலம் அது. பத்து சென்ட் யாருக்கும் பெரிய பாரமில்லை, அதே சமயம் அற்பக் காசும் இல்லை. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பெயர்களை வரிசையாக அமைத்து, குடத்தில் இடம் வேண்டுமென்றால் அதிகம் கேட்பதும் உண்டு. நம் மொய் நோட்டைத் துணியில் எழுதிப் போர்வையாக்கியது போலத்தான். எல்லாப் பெயரும் தைத்து முடிந்ததும் போர்வையை ஏலம் விடுவார்கள், அல்லது குலுக்கலில் வைப்பார்கள். ஒரே போர்வையில் இரண்டு வசூல்.

துணியில் எழுதுவதே ஒரு காலத்தில் சிக்கலாக இருந்தது. இரும்புச் சத்து கலந்த பழைய மசி நாளடைவில் துணியையே அரித்துவிடும். துணிக்குக் கேடில்லாத, துவைத்தாலும் போகாத மசி புழக்கத்துக்கு வந்த பிறகுதான் போர்வையில் கையெழுத்துப் போடும் மோகம் 1840-களில் பரவியது. பின்னாளில் சிவப்பு நூல் வந்து சேர்ந்தது. ‘துருக்கிச் சிவப்பு’ என்று பெயர் பெற்ற அந்தச் சாயம் துவைத்தால் பக்கத்து வெள்ளையில் இறங்காது. பெயருக்குரியவர் பென்சிலால் தம் கைப்படவே எழுதித் தர, அந்தக் கோட்டின் மேலேயே காம்புத் தையல் போடுவதும் உண்டு. அப்படிப்பட்ட சதுரத்தில் ஒரு குடியானவரின் கையெழுத்துச் சாய்வு நூறு வருஷம் கழித்தும் தெரியும்.

ஊசி எல்லாக் காரியத்துக்கும் உழைத்திருக்கிறது. 1836-இல் பாஸ்டனில் அடிமை முறையை எதிர்த்த பெண்கள் தங்கள் சந்தையில் ஒரு தொட்டில் போர்வையை விற்றார்கள். அதன் நடுவில் அடிமைத் தாயை நினைக்கச் சொல்லும் வரிகள் இருந்தன. கால் நூற்றாண்டு கழித்து அலபாமாவில் மார்த்தா ஜேன் ஹாட்டர் தைத்த பூப்போர்வைகள், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்தரப்புக்குப் போர்ப்படகு வாங்குவதற்காக ஏலத்துக்குப் போயின. ஏலம் எடுத்தவர் திருப்பிக் கொடுத்துவிட, அதே போர்வை மறுபடி ஏலத்துக்கு வந்தது. 1917 டிசம்பரில் ‘மாடர்ன் பிரிசில்லா’ என்ற பெண்கள் பத்திரிகை, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரே போர்வையில் 1,000 டாலர் திரட்டுவது எப்படி என்று மாதிரிப் படத்தோடு வழிகாட்டியது.

நூலகம் அரசாங்கத்தின் பொறுப்புதானே, அதற்குப் போர்வை தைப்பானேன் என்று நமக்குத் தோன்றும். 1948-ஆம் ஆண்டு மதராஸ் பொது நூலகச் சட்டத்திலிருந்து இங்கே சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அங்கும் வரி உண்டு. நியூ ஹாம்ப்ஷயரின் பீட்டர்பரோ 1833-லேயே ஊர் வரிப்பணத்தில் இலவச நூலகம் தொடங்கிய ஊர். ஆனால் பல சிற்றூர்களில் வரி வருவதற்கு முன்பே நூலகம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். விருந்து நடத்தி, பலகாரம் விற்று, போர்வை தைத்து அலமாரி வாங்கினார்கள். அந்நாட்டுப் பொது நூலகங்களில் 75 சதவீதம் மகளிர் மன்றங்களின் முயற்சியில் தொடங்கியவை என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1933-இல் கணக்குச் சொன்னது. ஆண்ட்ரூ கார்னெகி 1,679 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் தந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. மனையை ஊர்தான் தர வேண்டும், கட்டடத்துக்குக் கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரே ஒதுக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அவர் பெயர் கல்லில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெண்களின் பெயர் எங்கே இருக்கிறது?

இங்கேதான் போர்வையின் அருமை தெரிகிறது. 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஏற்பட்ட தீ விபத்தில் பெரும்பாலும் பாழாயின. எண்ணப்பட்டவர்கள் 6 கோடிக்கும் மேல். இன்று ஏட்டில் எஞ்சியிருப்பது 6,000 சொச்சம் பேர். அந்தக் காலத்துப் பெண்ணை வம்சாவளி தேடுபவர்கள் கண்டுபிடிப்பது கடினம். பெரும்பாலும் சொத்துப் பத்திரத்திலும் இருக்க மாட்டாள், வாக்காளர் பட்டியலிலும் இருக்க மாட்டாள். செய்தித்தாளில்கூடக் கணவன் பெயரோடு ‘திருமதி’ சேர்த்துத்தான் வருவாள். போர்வையில் பல பெண்கள் சொந்தப் பெயரிலேயே இருக்கிறார்கள். இந்த ஊரில், இந்த வருஷத்தில், நல்ல காரியத்துக்குப் பத்து சென்ட் கொடுத்தவள் என்பதற்கு அதுவே சாட்சி.

அதனால்தான் குலுக்கலில் எனக்கு உடன்பாடில்லை. ஊரே சேர்ந்து தைத்த சரித்திரம் சீட்டு விழுந்த ஒருவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. அவர் வீடு மாறினால் ஊரை விட்டே போய்விடும். பெயருக்குக் காசு வாங்கும் பழைய முறையே மேல். போர்வை முடியும் முன்பே பணம் கைக்கு வந்துவிடும். போர்வையை நூலகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். குலுக்கல் இல்லாமல் தொகை தேறாது என்றால், சிறிய போர்வை ஒன்றைத் தனியாகத் தைத்து அதற்குச் சீட்டு விற்கட்டும்.

நூலகத்தில் வைத்தால் மட்டும் போதாது. வெளிச்சம் சாயத்தைத் தின்றுவிடும். வெயில் விழும் சுவரில் ஆணியடித்து மாட்டிய போர்வை சில ஆண்டுகளில் வெளுத்து, ஆணி இருந்த இடத்தில் கிழியும். பின்பக்கம் மேல் ஓரத்தில் நீளக் குழலாகத் துணி தைத்து, அதில் கழியைச் செருகித் தொங்கவிட வேண்டும். பாரம் அகலம் முழுக்கப் பரவும். சில மாதம் மாட்டி வைத்துவிட்டு, இறக்கி இருட்டில் ஓய்வு கொடுக்க வேண்டும்.

இன்னொரு வேலை இருக்கிறது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எந்தச் சதுரத்தை யார் தைத்தது, அந்த மரப்பாலம் எங்கே இருந்தது, எந்த வருஷம், எதற்காகத் தைத்தார்கள் என்பதையெல்லாம் தைத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு துண்டுத் துணியில் அழியாத மசியால் எழுதி, போர்வையின் பின்பக்க மூலையில் தைத்துவிட வேண்டும். கூடவே பெயர்ப் பட்டியலுக்கு ஒரு பிரதி நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அலமாரியில் இருக்கட்டும். அரை நாள் வேலைதான்.